பயிர்க்காவலில் இராவிளக்கு: காட்டுப்பன்றிக்கு எதிராக எவ்விளக்கைத் தெரிதல் வேண்டும்?

நெற்கதிர் பால்பிடிக்கும் பருவத்திற் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓர் இரவு வயலுள் இறங்குமாயின், கமக்காரன் பல மாதங்களாகப் பட்ட பாடெல்லாம் விடியுமுன் சேறாய்க் கிடக்கும். பன்றி உண்பதிலும் பார்க்க உழக்கி அழிப்பதே அதிகம். மரவள்ளி, வற்றாளை, கச்சான், சோளம் ஆகியனவும் அதற்கு விருப்பமான உணவு. பயிரில்லாத காலத்திலும் மண்புழுவையும் கிழங்கையும் தேடி வரம்புகளைக் கிண்டி உடைத்துவிடும். ஆதலின் வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் காட்டோரமாகவுள்ள ஏனைய இடங்களிலும் வயல் செய்வோர்க்கு இராக்காவல் தவிர்க்க முடியாத தொழிலாயிற்று.

இராக்காவலுக்கு விளக்கு இன்றியமையாதது. எனினும், கையிற் கிடைத்த விளக்கைக் கொளுத்திவிட்டாற் போதுமென எண்ணுதல் தவறு. தவறாகத் தெரிந்த விளக்கு பன்றியை விரட்டாது. காவற்காரனின் கண்ணைக் கூசச்செய்யும். சில வேளைகளில் அயலவன் உயிருக்கும் இடராகும். எந்த விளக்கு எதற்கு உதவும் என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

பன்றியின் மூக்கும் கண்ணும்

காட்டுப்பன்றி முதலில் மூக்கையும், அடுத்துச் செவியையும் நம்பி வாழும் விலங்கு. அதன் பார்வை கூர்மையானதன்று. ஆதலின் காற்று உங்களிடமிருந்து பன்றியின் பக்கம் வீசுமாயின், நீங்கள் விளக்கை ஏற்றுமுன்னரே அது உங்களை அறிந்துவிடும். காவலுக்கு அமருமுன் காற்றின் திசையை அறிந்துகொள்ளல் வேண்டும்.

மனிதனின் கண்ணில் நிறங்களை அறியும் கலங்கள் மூவகைப்படும். பன்றியின் கண்ணில் இருவகையே உண்டு. நீலத்தையும் பச்சையையும் அது நன்கு அறியும். சிவப்பு அதற்கு மிக மங்கலாகவே தோன்றும். செவ்வொளியைப் பன்றி அதிகம் பொருட்படுத்தாமைக்கு இதுவே காரணம்.

இன்னொரு செய்தியையும் மனத்திற் பதித்துக்கொள்க. மாடு, எருமை, மான், மரை, நாய், பூனை, சிறுத்தை ஆகியவற்றின் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலமொன்று உண்டு. அதனாலேயே விளக்கொளி பட்டதும் அவற்றின் கண்கள் தணல்போல் ஒளிர்கின்றன. பன்றியின் கண்ணில் அப்படலம் இல்லை. மனிதனின் கண்ணிலும் இல்லை. இதனால் விளையும் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

விளக்கு வகைகள்

1. *அரிக்கன் லாந்தர்.* காற்றுக்கு அணையாதது, மலிவானது, பரணில் தேநீர் வைப்பதற்கும் பாயை விரிப்பதற்கும் போதுமானது. ஆயின் அதன் ஒளி நாற்புறமும் பரந்து சில மீற்றர் தூரத்துள் அடங்கிவிடும். தொலைவிலுள்ளதைப் பார்க்க உதவாது. அன்றியும், அருகிலுள்ள சுடரையே நோக்கிக்கொண்டிருப்பவனுக்கு அப்பாலுள்ள இருள் மேலும் இருளாகத் தோன்றும். லாந்தரைக் காவற்காரனின் முதுகுப்புறத்திற் கீழே வைத்தல் நன்று.

2. *பெற்றோமாக்ஸ் விளக்கு.* அமுக்கத்தால் மண்ணெண்ணெயை ஆவியாக்கி வலைத்திரியில் எரிப்பது. ஒளி மிகுதி, செலவும் மிகுதி. இரையும் ஓசையினாற் பன்றியின் காலடியைக் கேட்கவும் முடியாது. திரி மெல்லியதாதலின் தூக்கிச் செல்லுகையில் எளிதில் உதிரும். அடைத்த குடிலுள் எரித்தல் ஆகாது. ஓலைக் கூரையின்கீழ் தொங்கவிடுதல் தீயை வரவழைப்பதாகும்.

3. *கைமின்சூள்.* டோர்ச்சு எனப் பலரும் அழைப்பது. இக்காலத்தில் எல்.ஈ.டி. குமிழ் பொருத்தியவையே பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன. பழைய இழைக்குமிழிலும் பார்க்க இவை குறைந்த மின்னைக் கொண்டு கூடிய ஒளி தரும். வாங்கும்போது ஒளியின் அளவை மாத்திரம் பாராது, ஒளிக்கற்றை குவிந்து செல்கின்றதா என்பதையும் பார்க்க. குவியாது பரந்து விழும் ஒளி, தூரம் இருமடங்காகும்போது நான்கிலொன்றாகக் குறைந்துவிடும். வயலின் மறுவரம்பு வரை பார்ப்பதற்குக் குவிந்த கற்றையுடைய மின்சூளே ஏற்றது.

4. *நெற்றி விளக்கு.* தலையிற் கட்டிக்கொள்வதாதலின் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். மடை திருத்தவும் வேலி கட்டவும் வரம்பில் நடக்கவும் மிகவும் உகந்தது. ஆயினும் எதிரே வருபவன் கண்ணைக் கூசச்செய்யும். மூடுபனி வேளையில் ஒளி பனியிற் பட்டுக் கண்முன்னே வெண்திரையாகத் திரும்பும். அவ்வேளை விளக்கைக் கழற்றி இடுப்பளவிற் பிடித்தால் நன்றாகத் தெரியும்.

5. *செவ்வொளியும் பச்சையொளியும்.* மின்சூளின் முகப்பிற் சிவப்புக் கண்ணாடி பொருத்தினாற் பன்றி விரைவில் வெருளாது. காவற்காரனின் கண்ணும் இருளுக்குப் பழகிய நிலையை இழக்காது. மனிதக் கண் இருளுக்கு நன்கு பழக ஏறக்குறைய அரைமணி நேரம் செல்லும். வெள்ளொளியை ஒருமுறை நேரே பார்த்தாற் பழகியது கெட்டுவிடும். செவ்வொளியின் குறை யாதெனில், அது தொலைவு செல்லாது. அதில் உருவங்களைப் பிரித்தறிதல் கடினம். பச்சையொளியில் மனிதக் கண் கூடிய தூரம் பார்க்கும். ஆயின் பன்றியும் அதை நன்கு காணும். எனவே பன்றி வந்ததா என நோக்குவதற்குச் செவ்வொளியையும், வந்தது யாதென உறுதிசெய்வதற்கும் அதனை விரட்டுவதற்கும் வெள்ளொளியையும் பயன்படுத்துக.

6. *விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு.* பகலில் வெயிலில் மின்னேற்றி இரவிற் கண்சிமிட்டும் சிறு விளக்குகள் இப்போது கிடைக்கின்றன. வரம்போரம் முழங்காலளவு உயரத்திற் காட்டை நோக்கி இவற்றை நடலாம். தொடக்கத்திற் பன்றி அஞ்சும். ஓரிடத்திலேயே தொடர்ந்து இருந்தால் விரைவில் பழகிவிடும். ஆகவே இடைக்கிடை இடத்தையும் உயரத்தையும் மாற்றுதல் வேண்டும். இவை காவலுக்குத் துணையேயன்றிக் காவல் ஆகா.

உடற்சூட்டைக் கொண்டு இருளில் உருவத்தைக் காட்டும் கருவிகளும் இக்காலத்தில் உண்டு. விலை மிக அதிகமாதலின் சிறு கமக்காரர் அவற்றை நாடவேண்டியதில்லை.

விளக்கை வைக்கும் முறை

வயலின் நடுவே இரவு முழுவதும் பேரொளி விளக்கொன்றை எரியவிடுதல் நன்றன்று. கபிலநிறத் தத்தியும் தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சியும் ஒளியை நாடி வருவன. பன்றியைத் தடுக்க வைத்த விளக்கே பூச்சியை வயலுக்கு அழைப்பதாகிவிடும். நிலையான விளக்கு வேண்டுமாயின் அதைப் பயிருக்கு வெளியே வேலிப்புறத்தில் வைக்க. வெண்மையிலும் பார்க்க மஞ்சள் ஒளி பூச்சிகளைக் குறைவாகக் கவரும்.

பரண், பன்றி வரும் தடத்திற்கு எதிர்க்காற்றுப் பக்கத்தில் அமைதல் வேண்டும். அஃதாவது, காற்று தடத்திலிருந்து பரணை நோக்கி வீசவேண்டும். முதலிற் செவிகொடுத்துக் கேட்க. கதிர் சலசலக்கும் ஓசையோ சேற்றில் உழக்கும் ஓசையோ கேட்டபின் விளக்கை ஏற்றுக. ஓயாது விளக்கை வீசிக்கொண்டிருப்பவன் மின்கலத்தையும் வீணாக்குவான். பன்றியையும் விளக்குக்குப் பழக்குவான். திடீரெனப் பாயும் வெள்ளொளியோடு தகரத்தைத் தட்டுதலும் கூக்குரலும் சேர்ந்தாற் கூட்டம் கலைந்தோடும். ஓடும் வழியை மறித்து நிற்றல் ஆகாது. குட்டியோடு கூடிய பன்றியும் காயமுற்ற பன்றியும் எதிர்த்துப் பாயும்.

யானை நடமாடும் இடங்களிற் கூடுதலான கவனம் வேண்டும். இருளில் அசையும் கரிய உரு பன்றியென்று எண்ணிப் பரணைவிட்டு இறங்கற்க. முதலில் பரணிலிருந்தே வெள்ளொளியைப் பாய்ச்சிப் பார்க்க.

வரம்பில் நடக்கும்போது ஒளி தொலைவையன்றிக் காலடியை நோக்கியே இருத்தல் வேண்டும். கண்ணாடி விரியன் வயல்வெளியை உறைவிடமாகக் கொண்டது; எலியைத் தேடி வரம்புக்கு வரும். முழங்காலளவு உயரமான சப்பாத்தும் கையில் ஒரு விளக்கும் இன்றி இரவில் வயலில் இறங்கற்க.

உயிர்காக்கும் விதி

அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கைப் பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்திருப்போர் இப்பகுதியை இருமுறை படிக்க. பன்றியென்று எண்ணிச் சுட்டு மனிதனைப் பலிகொண்ட துயரச் செய்திகள் நாம் அறியாதவையல்ல. இரவில் மடையடியிற் குனிந்து நீர் கட்டுபவனின் முதுகு, மங்கலொளியிற் பன்றியின் முதுகு போலவே தோன்றும்.

"கண் மின்னினால் அது விலங்கு, மின்னாவிட்டாற் பன்றி" என்று கூறுவாருளர். மேலே கூறியதை இங்கு நினைவுகூர்க. ஒளிரும் கண் பெரும்பாலும் அயலவனின் மாடாகவோ நாயாகவோ சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட மானாகவோ இருக்கும். ஒளிராத கரிய உரு பன்றியாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். ஆகவே கண்ணொளியைக் கொண்டு முடிவுசெய்தல் எவ்வகையிலும் தகாது. வெள்ளொளியில் உடல் முழுவதையும், அதற்கப்பால் உள்ளதையும் தெளிவாகக் கண்டாலன்றித் துவக்கை உயர்த்தற்க. செவ்வொளியை மாத்திரம் நம்பிச் சுடுதல் கூடாது. துவக்கிற் பொருத்திய விளக்கைக் கொண்டு தேடுதலும் கூடாது. தேடும் இடமெல்லாம் துவக்கின் வாயும் திரும்பும்.

இவ்வாறான விபத்துக்களைத் தவிர்க்க வயற்கண்டத்திலுள்ளோர் அனைவரும் கூடிப் பின்வரும் ஒழுங்குகளைச் செய்துகொள்ளலாம்:

(அ) அன்றிரவு எவர் எவர் எந்த வயலில் இருப்பர் என்பதைப் பொழுது சாயுமுன் ஒருவருக்கொருவர் அறிவித்தல்.

(ஆ) இரவில் வரம்பில் நடப்போரும் நீர் கட்டுவோரும் விளக்கை அணையாது வைத்திருத்தல்.

(இ) எட்டத்தில் விளக்கொளி கண்டதும் தமது விளக்கை மும்முறை மறைத்துக் காட்டி, குரல் கொடுத்தல்.

(ஈ) மது அருந்தியவரைக் காவலில் அமர்த்தாதிருத்தல்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். துவக்குகள் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்திற்கும், காட்டு விலங்குகள் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்திற்கும், அவற்றின் பிற்காலத் திருத்தங்களுக்கும் உட்பட்டவை. தேசிய ஒதுக்கங்களுள் வேட்டையாடுதல் குற்றமாகும். இரவில் விளக்கைக் கொண்டு சுடுதல் பற்றிய விதிகளை வனசீவராசிகள் அலுவலரிடம் முன்னரே கேட்டறிந்துகொள்க.

செய்யத்தகாதவை

காவலிருக்கச் சோம்பி, வீட்டு மின்னிணைப்பிலிருந்து வெறுங்கம்பியை இழுத்து வயலைச் சுற்றிக் கட்டுவோர் உளர். 230 வோல்ற்று மின் பன்றிக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு அறியாது. இதனாற் கமக்காரரும் யானைகளும் மாண்டுள்ளனர். விதிப்படி அமைத்த மின்வேலியில் மிகக் குறுகிய அதிர்ச்சியே விட்டுவிட்டு வரும். அது அச்சுறுத்துமேயன்றிக் கொல்லாது. இரண்டையும் ஒன்றென எண்ணற்க. கட்டுத்துவக்கும், உணவினுள் மறைத்து வைக்கும் வாய்வெடியும் அவ்வாறே கொடியவை, சட்டவிரோதமானவை. வாய்வெடியைக் கடித்த யானைக்கன்று தாடை சிதைந்து, உண்ணமுடியாது பலநாள் வருந்தி இறக்கும்.

விளக்கைப் பேணல்

லாந்தரின் கண்ணாடியை நாள்தோறும் துடைத்து, திரியை நேராகக் கத்தரிக்க. மின்சூளை நீண்ட நாட்களுக்குப் பயன்படுத்தாவிடின் உலர்மின்கலங்களைக் கழற்றி வைக்க. கசிந்து உள்ளுறுப்புகளை அரித்துவிடும். பழைய கலத்தையும் புதிய கலத்தையும் கலந்து போடற்க. மின்னேற்றத்தக்க இலிதியக் கலம் வீங்கியிருந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ விலக்கிவிடுக, அது தீப்பற்றக்கூடியது. காவலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் இரண்டாவது சிறு விளக்கொன்றை மடியில் வைத்திருத்தல் நன்று.

முடிவுரை

விளக்கு காவற்காரனின் கண், அது வேலியாகமாட்டாது. வயலோரப் பற்றையை வெட்டி வெளியாக்குதல், வேலியின் அடியைப் பன்றி நுழையாவண்ணம் இறுக்குதல், அயலார் யாவரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தல் ஆகியவற்றோடு சேரும்போதே விளக்கு முழுப்பயன் தரும். தனியொருவன் விழித்திருக்கும் வயலிலும் பார்க்க, கண்டத்தார் முறைவைத்து விழிக்கும் வயலிற் சேதம் குறைவு.

கமக்காரர்காள்! ஒரு பயிரை மீண்டும் நடலாம். போன உயிரை மீட்க முடியாது. கண்டறிந்த பின்னரே கையை உயர்த்துக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக.