சேணம் ஏற்றினால் அடம்பிடிக்கும் குதிரையா?

1. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய குதிரை இன்று முரண்டு பிடித்தால் சாட்டையைத் தேடாதீர்கள்; முதுகைத் தடவிப் பாருங்கள். சேணத்தை இறக்கிவிட்டு, முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சட்டென்று முதுகை நெளித்தாலோ, காதைப் பின்னுக்கு மடித்தாலோ அங்கே வலி. சவாரி முடிந்ததும் வேர்வைத் தடத்தையும் பாருங்கள். சுற்றிலும் நனைந்து, நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் சேணம் சரியாகப் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். தோள் மேட்டில் வெள்ளை முடித் திட்டு இருந்தால், அது பெரும்பாலும் பழைய சேணம் அழுத்திய தழும்பு.

2. கடிவாளத்தைப் பிடித்ததும் தலையைத் தூக்கி உதறுகிறதா? மருத்துவரிடம் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கடைவாய்ப் பல் கன்னத்துப் பக்கமும், கீழ்ப்பல் நாக்குப் பக்கமும் கூராகிக்கொண்டே வரும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கால்நடை மருத்துவரிடம் காட்டி அராவிவிட வேண்டும். குளம்பையும் மறக்காதீர்கள்: சீவி லாடம் மாற்றுவது 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை.

3. இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். 5 நொடிக்கு மேல் காதை மடித்தே வைத்திருப்பது, ஓயாமல் வாலை வீசுவது, அடிக்கடி தடுக்குவது எல்லாம் அதில் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். நாம் திமிர் என்று திட்டுவதில் பலவும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. எனக்கு இதைப் படித்தபோது மனசு கனத்தது.

4. வலி இல்லை என்று உறுதியானபின் பயிற்சிக்கு வாருங்கள். அழுத்தும்போது அல்ல, அழுத்தத்தை விடும் நொடியில்தான் குதிரை கற்கிறது. காலால் லேசாக அணையுங்கள். ஓரடி எடுத்து வைத்ததும் உடனே காலைத் தளர்த்துங்கள். நடந்த பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தால், 'நடந்தாலும் உதை, நின்றாலும் உதை' என்று உங்கள் கால் அழுத்தமே அதற்கு மரத்துப்போகும்.

5. லாயத்தை விட்டு நகர மாட்டேன் என்றால் இழுபறி வேண்டாம். லாயத்தின் அருகிலேயே சிறு வட்டங்களாகச் சுற்றி வேலை வாங்குங்கள். ஓய்வைத் தள்ளிப் போய்க் கொடுங்கள். இறங்குவதும் வயிற்று வாரைத் தளர்த்துவதும் லாய வாசலில் வேண்டாம், தூரத்திலேயே முடித்துவிட்டு நடத்திக் கூட்டி வாருங்கள்.

6. வேலை இல்லாத நாளில் கொள்ளு, ஓட்ஸைக் குறையுங்கள். புல் குறையக் கூடாது. அடைத்தே வைத்த குதிரையை அவிழ்த்து, கொஞ்சம் திறந்தவெளியில் ஓடவிட்ட பிறகு ஏறுங்கள். வெறும் வயிற்றில் ஓட்டினால் வயிற்றில் அமிலம் தெறித்து எரியும். அரை மணி நேரம் முன்பு ஒரு பிடி காய்ந்த புல் போதும்.

7. பின்னங்காலை உதறித் துள்ளும் குதிரை அதற்கு முன் தலையைத் தாழ்த்தும். அப்போதே ஒரு பக்கக் கடிவாள வாரைச் சுருக்கித் தலையை நிமிர்த்தித் திருப்புங்கள், முன்னே நடத்துங்கள். மிரண்டு ஓடினால் வட்டத்தைப் படிப்படியாகக் குறுக்குங்கள். வேகத்தில் ஒரேயடியாகத் திருப்பினால் இருவரும் விழ நேரிடும்.

8. முன்னங்கால் தூக்கினால் வாரை இழுக்கவே கூடாது. குதிரை மல்லாந்து உங்கள் மேலேயே விழக்கூடும். வாரை விட்டுக்கொடுத்து, முன்னால் சாய்ந்து கழுத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கால் தரையில் பட்டதும் முன்னே விரட்டுங்கள். மறுபடியும் தூக்கினால் இறங்கிவிட்டு, அனுபவமுள்ள பயிற்சியாளரை அழையுங்கள்.

9. அந்தியூர் ஆடிச் சந்தை போன்ற இடங்களில் வாங்கிய குதிரை என்றால், நாட்டியம் பழகியதா என்று விசாரியுங்கள். கடிவாளத்தைச் சுண்டினால் காலைத் தூக்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதை அடிப்பது அநியாயம். தரையில் நின்றபடி, 'நில்' என்ற குரலோடு வாரை மெல்லப் பிடித்து, நான்கு காலும் ஊன்றி நின்றதும் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் ஆனாலும் சரி, இது பழகிய பிறகே சேணத்தில் ஏறுங்கள்.