வண்டி என்ன விலை?

சனிக்கிழமை காலையில் சான் ஓசேயின் சாண்டா தெரசா பூங்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மலை சைக்கிள்காரர்கள் கார்களிலிருந்து வண்டிகளை இறக்குவார்கள். புதிதாக ஒருவர் வந்தால் எல்லோர் கண்ணும் முதலில் போவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு. அப்புறம் பின் சக்கரத்துப் பல்சக்கரங்கள், அப்புறம் ஃப்ரேமில் எழுதியிருக்கும் கம்பெனி பேர். முகத்தைப் பார்ப்பதற்குள் அவரை எந்த வரிசையில் வைப்பது என்று முடிவாகியிருக்கும். பத்தாயிரம் டாலருக்கு மேல் போகும் வண்டிகள் கலிஃபோர்னியாவின் இந்த வளைகுடாப் பகுதியில் சாதாரணமாகக் கண்ணில் படும். நம் தமிழ் ஆட்களிடமும் இருக்கின்றன. வீடு, கார், பிள்ளைகளின் பள்ளி என்று ஏற்கெனவே நடக்கும் ஒப்பீட்டில் இப்போது சைக்கிளும் சேர்ந்துகொண்டது.

நான் ஃப்ரீமாண்ட்டில் குடியிருக்கிறேன். பல வருடமாக ஒரு அலுமினிய ஹார்ட்டெயில் ஓட்டுகிறேன். முன்னால் மட்டும் ஷாக் உள்ள வண்டி. எங்கள் தமிழ்க் குழுவில் ஒரு தம்பி, "அக்கா, இந்த வண்டிய வெச்சுக்கிட்டு டெமோவுக்கு வராதீங்க, கஷ்டப்படுவீங்க" என்றான். டெமோ என்பது சாண்டா குரூஸ் மலையில் இருக்கும் சோக்கெல் டெமான்ஸ்ட்ரேஷன் காடு. "எந்த இடத்துல கஷ்டப்படுவேன், எந்தச் சாமானால கஷ்டப்படுவேன், சொல்லுப்பா" என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவனால் ஒரு வளைவையோ ஒரு பாறையையோ காட்டிச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் வைத்திருக்கிறேன். எந்த இடம், எந்தச் சாமான்? பந்தா பேசுகிறவரையும் விஷயம் தெரிந்தவரையும் இது அரை நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிடும்.

இந்த விளையாட்டு பிறந்ததே இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஓர் இடத்தில்தான். மாரின் கவுண்டியில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிறிய ஊர். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி, ஊருக்கு மேலே உள்ள மண் பாதையில், மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்குள் 400 மீட்டர் இறங்கும் சரிவில், சில இளைஞர்கள் ரீபேக் என்ற பந்தயத்தை முதன்முதலாக வைத்தார்கள். அவர்கள் ஓட்டியவை 1930-களிலும் 40-களிலும் செய்த, பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய தடித்த டயர் வண்டிகள். ஏறக்குறைய 20 கிலோ எடை. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினால் ஹப்பிலுள்ள கிரீஸ் புகைந்து தீய்ந்துபோகும், பிரித்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும்.

இந்தக் கதையைச் சொல்லி, "பாருங்கள், பழைய வண்டியே போதும்" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இளைஞர்கள் பழைய வண்டியோடு நிற்கவில்லை. பிரேக் தீய்ந்தது, அதனால் டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் லீவரும் பூட்டினார்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது, அதனால் கேரி ஃபிஷர் கியர் மாட்டினார். பழைய ஃப்ரேம்கள் உடைந்தன, அதனால் ஜோ பிரீஸ் 1977-இல் குரோமோலி இரும்புக் குழாயில் புதிதாக ஃப்ரேம் கட்டினார். 1979-இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். 1981-இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலை சைக்கிள் கடைக்கு வந்தது. ஃபேர்ஃபாக்ஸில் இருக்கும் சைக்கிள் அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த வரிசையைக் கண்ணால் பார்க்கலாம். வண்டியில் செய்த ஒவ்வொரு மாற்றமும் அந்த மலையில் ஏதோ ஒன்று தாங்காமல் போனதால் வந்தது. சாமான் வாங்குவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். நான் ஓட்டும் பாதையில் எது தாங்கவில்லை?

கடைக்குப் போனால் இந்த அளவுகோல் இன்னும் அவசியம். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போனால் கேட்பது நான், பதில் போவது அவருக்கு. அவர் மலை சைக்கிள் ஓட்டுவதே இல்லை. இது எரிச்சலூட்டும் விஷயம், பொறுத்துப்போக வேண்டியதும் இல்லை. ஃபேர்ஃபாக்ஸைச் சேர்ந்த ஜாக்கி ஃபீலன் 1980-களில் அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றவர், பெண்களுக்கென்று தனியாக மலை சைக்கிள் சங்கமும் தொடங்கியவர். பெண்கள் ஆரம்பம் முதலே இதில் இருக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் கடைக்குள் நுழைந்ததுமே வண்டி என்னுடையது, ஓட்டுவது நான், என் எடை இவ்வளவு, ஓட்டுவது இந்தப் பூங்காவில் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் பேச்சு வேறு பக்கம் திரும்பினால் வெளியே வந்துவிடுவேன்.

ஒரு கடையில் நான் கொண்டுபோன குறை இது: கல் பாதையில் இறங்கினால் முன்பக்கம் முழங்கை வரை அடிக்கிறது. விற்பனைப் பகுதியில் நின்ற பையன் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதில் காசு போடாதீர்கள், முன்னும் பின்னும் ஷாக் உள்ள கார்பன் ஃபுல் சஸ்பென்ஷன் எடுத்துவிடுங்கள் என்றான். வேறொரு கடைக்குப் போனேன். பின்னறையில் வேலை செய்துகொண்டிருந்த வயதான மெக்கானிக் முதலில் என் எடையைக் கேட்டார். ஃபோர்க்கின் வழுவழுப்பான தண்டில் ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் கட்டி, அதை அடிவரை தள்ளிவிட்டு, என்னை மெதுவாக ஏறி உட்காரச் சொன்னார். நான் இறங்கியதும் டேக் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். 120 மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய ஃபோர்க், ஆள் உட்கார்ந்தாலே ஐந்தில் ஒரு பங்காவது இறங்கியிருக்க வேண்டும். டேக் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்ததே தெரியவில்லை. உள்ளே இருந்த இரும்புச் சுருள் என்னைவிட மிகவும் கனமான ஆளுக்குப் போட்டது. "இது உங்களுக்கு ஷாக்கே கிடையாது, இரும்புக் கம்பி" என்றார். பம்ப் வைத்துக் காற்றழுத்தத்தை எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் ஏர் ஃபோர்க் மாற்றினால் சரியாகிவிடும், ஃப்ரேமின் தலைக்குழாய் கீழே அகன்றிருப்பதால் இப்போது விற்கும் ஃபோர்க்கே ஏறும் என்று காட்டினார். நான் கிளம்பும்போது பிரேக் லீவரில் இருக்கும் குட்டித் திருகாணியைத் திருகி, லீவரை என் விரலுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்தத் திருகாணி பெரும்பாலான ஹைட்ராலிக் பிரேக்குகளில் இருக்கிறது. கை சிறியவர்கள் இன்றே பாருங்கள்.

அவர் சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பார்த்துக் கோட்டம் எடுத்த விதத்தைப் பார்த்தபோது, ஊரில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணன்தான் கண்ணில் வந்தார். எந்த ஊரிலும் கை தெரிந்த மெக்கானிக் வண்டியின் பேரைக் கடைசியாகத்தான் பார்ப்பார். கடையைத் தேடுவதைவிட அப்படி ஓர் ஆளைத் தேடுங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் கிடைக்கமாட்டார், வார நாள் காலையில் போனால் பேசக் கிடைப்பார்.

விற்பனையில் நிற்கும் பையன்களைத் திட்டிப் பயனில்லை. சம்பளம் குறைவு, ஆனால் கம்பெனிகள் கடை ஊழியர்களுக்குச் சலுகை விலையில் வண்டி கொடுக்கின்றன. நாள் முழுக்க விலை உயர்ந்த சாமான்களுக்கு நடுவே நிற்கிற இருபது வயதுப் பையனுக்கு அதுதான் உலகம் என்று தோன்றுவது இயல்பு.

சில நேரம் கடைக்காரர் சொல்வது முழுக்கச் சரியாகவும் இருக்கும். பெரிய பல்பொருள் கடைகளில் முந்நூறு டாலருக்கு மலை சைக்கிள் என்று விற்கும் வண்டிகளில் பலவற்றுக்குப் பின்னால் திருகி மாட்டும் பழைய ஃப்ரீவீல் இருக்கும். அந்த அமைப்பில் வலது பக்க பேரிங் ஹப்புக்குள் தள்ளி உட்கார்ந்திருப்பதால், பாறையில் குதித்து இறங்கினால் அச்சு வளையும், சில சமயம் முறியும். பூங்காவின் அகலமான மண் ரோட்டுக்கு அது போதும். சாண்டா தெரசா பாறைகளுக்குப் போதாது. சர்வீஸுக்கு நூறு டாலருக்கு மேல் வாங்கும் மெக்கானிக், அந்த வண்டியைத் தொடத் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரமும் அப்படித்தான். 2010-களின் நடுவில் பெரிய கம்பெனிகள் 27.5-க்கும் 29-க்கும் போய்விட்டதால் நல்ல டயரும் ஃபோர்க்கும் கிடைப்பது குறைந்துபோனது. ஆகவே, "முடியாது" என்றால் ரோஷப்படாமல் காரணம் கேளுங்கள். காரணத்தில் அச்சு, பேரிங், டயர் அளவு என்று ஏதாவது வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். வெறும் கம்பெனி பேர்கள் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

காசு போடும் வரிசை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஹெல்மெட்டுக்குப் பிறகு முதலில் டயர், அடுத்து பிரேக். தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். விலை உயர்ந்த கார்பன் வண்டியில் டயர் கல் மாதிரி ஆகும்வரை காற்றடித்துவிட்டு, காய்ந்த சரளை வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டியூப் இல்லாமல் ஓட்டும் 2.4 அங்குல டயர் என்றால், 55 கிலோ ஆள் முன்னால் 18, பின்னால் 20 பி.எஸ்.ஐ. என்று தொடங்கிப் பார்க்கலாம். 80 கிலோ ஆளுக்கு 24, 26. ரிம் தரையில் இடித்தால் ஒன்றிரண்டு கூட்டுங்கள். டியூப் இருந்தால் இவ்வளவு குறைக்காதீர்கள், பஞ்சர் ஆகும். பிரேக் ஹைட்ராலிக்காக இருக்கட்டும், விலை குறைந்ததே போதும். முன் டிஸ்க் 160 மில்லிமீட்டராக இருந்து, ஃபோர்க்கும் இடம் கொடுத்தால் 180-க்கு மாற்றுங்கள். நீண்ட இறக்கத்தில் வித்தியாசம் விரலுக்கே தெரியும். அப்புறம் சீட்டை ஓட்டும்போதே இறக்கும் டிராப்பர், அப்புறம் ஃபோர்க்.

கியர் கடைசி. ஷிமானோவின் 12 கியர் டியோரிலும் பந்தயக்காரர்களுக்கான எக்ஸ்.டி.ஆரிலும் பின்பற்கள் ஒன்றுதான்: 10-லிருந்து 51 வரை. பல்சக்கரத் தொகுதியின் எடை டியோரில் 590 கிராமுக்கு அருகில், எக்ஸ்.டி.ஆரில் 370 கிராமுக்கு அருகில். விலை மட்டும் ஏறக்குறைய நாலு மடங்கு. அந்த 220 கிராம், முதுகுப் பையில் கொண்டுபோகும் ஒரு லிட்டர் தண்ணீரில் கால் பங்குகூட வராது. பந்தயம் ஓடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம், வாங்கட்டும். வார இறுதியில் ஓட்டுகிற நமக்கு அந்தக் காசில் நல்ல டயர்கள் வரும்.

குழுவில் ஓட்டும்போது வண்டிக்காக வாதாட வேண்டாம். வண்டிப் பேச்சு வந்தால் நான் பாதைப் பேச்சுக்குத் திருப்பிவிடுவேன். "அந்த மூணாவது பாறையை எந்தப் பக்கமா எடுக்கறீங்க, டயர்ல எவ்வளவு காத்து?" நன்றாக ஓட்டுகிறவர் உற்சாகமாகச் சொல்வார், கூடவே வந்து காட்டுவார். வண்டியைக் காட்ட வந்தவர் நகர்ந்துவிடுவார். இதற்கு எதிர்ப்பக்கப் பந்தாவும் உண்டு. ஷாக் இல்லை, ஒரே கியர், பழைய இரும்பு ஃப்ரேம், இதில் ஓட்டுகிறவன்தான் உண்மையான ஆள் என்று ஏர் ஷாக்காரர்களை மட்டம் தட்டுவார்கள். முழங்கால் வலியோடு ஓட்டும் ஐம்பது வயதுக்காரருக்கு ஃபுல் சஸ்பென்ஷன் தேவை. அவரிடம் அப்படிப் பேசுவதும் அதே அவமரியாதைதான்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பிள்ளைகள் விஷயம். பெர்க்லியில் ஒரு பள்ளிக் கணக்கு ஆசிரியர் மேட் ஃப்ரிட்ஸிங்கர் தொடங்கிவைத்த மலை சைக்கிள் குழு, 2001-இல் வட கலிஃபோர்னியா பள்ளி லீக்காக வளர்ந்து, 2009-இல் நைக்கா என்ற தேசிய அமைப்பாக ஆனது. என் மகளும் பள்ளிக் குழுவில் ஓட்டுகிறாள். பந்தயத்தில் யாரையும் பெஞ்சில் உட்காரவைப்பதில்லை, எல்லோரும் ஓட்டலாம். அவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்குள் பெற்றோர்கள் விலைப் போட்டியைக் கொண்டுவருகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாயிரம் டாலர் வண்டி வந்தால், பக்கத்துப் பிள்ளை வீட்டில் அன்றிரவு சண்டை. வளருகிற பிள்ளைக்கு ஃப்ரேம் அளவே இரண்டு வருடத்தில் மாறிவிடும். நின்றபடி இறங்குவது, ஒற்றை விரலில் முன்பிரேக்கைப் பதமாகப் பிடிப்பது, வளைவின் முடிவைப் பார்ப்பது: பயிற்சியாளர்கள் சொல்லித்தருவது இவற்றைத்தான்.

அதனால் அவளுக்குப் பழைய வண்டிதான் வாங்கினோம். 2020, 21-இல் எல்லோரும் வாங்கிக் குவித்ததில் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்தது. 2023-இல் கடைகளிலேயே விலை சரிந்தது. அப்படி வாங்கிக் குவித்த வண்டிகள் இப்போது அதிகம் ஓடாமல் கைமாறுகின்றன. வாங்கும்போது ஃபோர்க் தண்டில் நகத்தை ஓட்டிக் கீறல் இருக்கிறதா பாருங்கள். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி பேரிங் ஆடுகிறதா பாருங்கள். வெல்டிங் ஓரங்களில் கீற்று இருந்தால் வேண்டவே வேண்டாம். சீரியல் எண்ணை பைக் இண்டெக்ஸில் போட்டுத் திருட்டு வண்டியா என்று பார்த்துவிடுங்கள், இங்கே சைக்கிள் திருட்டு அதிகம். ரிப்பேர் கற்றுக்கொள்ள சான் ஃபிரான்சிஸ்கோவின் பைக் கிச்சன் மாதிரி இடங்கள் இருக்கின்றன. நம் வண்டியை நாமே பிரித்துப் பூட்டலாம், கூட நின்று சொல்லித்தருவார்கள்.

புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்கள் சான் ரஃபேல் பக்கத்திலுள்ள சைனா கேம்ப் பூங்காவுக்கு வாருங்கள். விரிகுடாவை ஒட்டிய ஷோர்லைன் பாதை ஏற்ற இறக்கம் குறைவானது, ஒற்றையடிப் பாதையிலேயே சைக்கிளுக்கு அனுமதி உண்டு. வீட்டில் இருக்கும் வண்டியையே கொண்டுவாருங்கள். பிரேக்கை மட்டும் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே ஓட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அப்படி ஒருவர் வந்து நின்றால், வண்டி என்ன விலை என்று கேட்காமல், உங்கள் பம்பை எடுத்து அவர் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கொடுங்கள்.