கிரெடிட் கார்டு பாயிண்டுக்கு வரி உண்டா?

அமெரிக்காவில் வரிக் கணக்கு கொடுக்க வேண்டிய ஏப்ரல் 15 நெருங்கினாலே கிளம்பும் சந்தேகம் இது. ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், பாதி தப்பு.

நம்பிக்கை: பாயிண்டைக் காசாக்கினால் அது வருமானம்.

உண்மை: இல்லை. 100 டாலருக்கு மளிகை வாங்கி 2 டாலர் கேஷ்பேக் வந்தால், மளிகையின் விலை 98 டாலர், அவ்வளவுதான். கார் கம்பெனிகள் தரும் ரிபேட்டுக்கு 1976-லேயே அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். சொன்ன கணக்கு இது. பாயிண்டை பில்லில் கழித்தாலும் விமான டிக்கெட்டாக மாற்றினாலும் இதேதான்.

நம்பிக்கை: அப்படியானால் எந்தப் பாயிண்டுக்கும் வரி கிடையாது.

உண்மை: எதையும் வாங்காமல் வந்த பாயிண்ட் தள்ளுபடி ஆகாது. சிட்டிபேங்கில் கணக்கு தொடங்கியதற்கு 50,000 பாயிண்ட் பெற்று, அதில் விமான டிக்கெட் எடுத்தார் ஒருவர். அதன் மதிப்பான 668 டாலரும் வருமானமே என்று 2014-ல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தைப் போட்டு வைத்ததற்குக் கிடைத்த வட்டி மாதிரி அது.

நம்பிக்கை: கார்டைத் தேய்த்து வந்த பாயிண்டுக்கு எப்போதும் பயமில்லை.

உண்மை: இங்கேதான் சுவாரஸ்யம். ஒரு தம்பதி, சூப்பர் மார்க்கெட்டில் 5 சதவீதம் திருப்பித் தரும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) கார்டில் விசா கிஃப்ட் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். அவற்றைக் கொடுத்து மணி ஆர்டர் எடுத்தார்கள். அதை வங்கியில் போட்டு அமெக்ஸ் பில்லைக் கட்டினார்கள். பிறகு மறுபடியும் கிஃப்ட் கார்டு! 2013, 2014 இரண்டே ஆண்டில் 3 லட்சம் டாலருக்கு மேல் ரிவார்டு. ஐ.ஆர்.எஸ். விடுமா? 2021-ல் நீதிமன்றம் நடுவில் கோடு கிழித்தது: கிஃப்ட் கார்டு ஒரு பொருள், அதற்கு வந்த ரிவார்டுக்கு வரி இல்லை; ஆனால் அவர்கள் அமெக்ஸிலேயே நேரடியாக எடுத்த மணி ஆர்டருக்கும், டெபிட் கார்டில் ஏற்றிய பணத்துக்கும் வந்த ரிவார்டு வருமானம். பெரும்பகுதி தம்பதிக்குத்தான் சாதகம். விதிகளைத் தெளிவாக எழுதாதது ஐ.ஆர்.எஸ்.ஸின் குறை என்றும் நீதிபதி குட்டினார். சரியான குட்டு.

நம்பிக்கை: வங்கியிலிருந்து வருமானத்தைத் தெரிவிக்கும் 1099 படிவம் வராவிட்டால் காட்ட வேண்டாம்.

உண்மை: வருமானம் என்றால் படிவம் வந்தாலும் வராவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஒன்று. 1,000 டாலர் பிரிண்டருக்கு 20 டாலர் கேஷ்பேக் வந்திருந்தால், செலவில் 980-தான் எழுத வேண்டும். ஆடிட்டரிடம் கடை ரசீதை மட்டும் நீட்டாமல், கார்டு ஸ்டேட்மெண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.