லிம்போமா சிகிச்சையும் கல்லீரலில் உறங்கும் வைரஸும்

"சின்ன வயசில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது." ஈஸ்ட் பிரன்ஸ்விக், எடிசன் வட்டாரத்தில் வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் ஒருவருக்கு, இந்தப் பழைய கதை மிக முக்கியமான தகவலாக இருக்கக்கூடும்.

மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறிதான். அதற்குக் காரணங்கள் பல. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் தாமாகவே குணமாகிவிடும். பி, சி வகைகள் அப்படியல்ல. ரத்தம், சுத்தம் செய்யப்படாத ஊசி, பாலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு என்று இவை பரவுகின்றன. சிலரது உடலில் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகின்றன. காமாலையே வராமல் இந்த வைரஸைச் சுமப்பவர்கள்தான் அதிகம். 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. குழந்தைகளுக்கான பி தடுப்பூசி இந்தியா முழுவதும் அரசுத் திட்டத்தில் வந்தது 2011இல்தான். நம்மில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிறந்தவர்கள்!

சரி, லிம்போமாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒருமுறை கல்லீரலுக்குள் புகுந்தால், நோய் "குணமான" பிறகும் தன் மரபணுவின் ஒரு பிரதியைக் கல்லீரல் செல்களின் உட்கருவில் விட்டுவைக்கிறது. நம் நோய் எதிர்ப்புச் சக்தி காவல் இருக்கும்வரை அது உறங்கிக் கிடக்கும். லிம்போமாவில் பெரும்பாலானவை பி செல்கள் என்னும் வெள்ளணுக்களில் தொடங்குபவை. அவற்றுக்குத் தரும் ரிடக்ஸிமாப் என்ற மருந்து, நோயுற்ற பி செல்களோடு நல்ல பி செல்களையும் அழித்துவிடும். அதாவது காவல்காரனையே வேலையை விட்டு அனுப்புகிறோம். கூடவே தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையும் வைரஸுக்குச் சாதகமானது. வைரஸ் பெருகிக் கல்லீரல் வீங்கினால் கீமோதெரபியைத் தள்ளிப்போட வேண்டும், சிலசமயம் நிறுத்தவே வேண்டும். குணமாகக்கூடிய லிம்போமா, அந்த இடைவெளியில் கைமீறிப் போகலாம். கல்லீரல் செயலிழந்து இறந்தவர்களும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013இல் இந்த மருந்தின் பெட்டிக்குறிப்பில் இதைக் கடும் எச்சரிக்கையாகச் சேர்த்தது.

"எனக்குத்தான் எப்போதோ குணமாகிவிட்டதே" என்பவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வு 2009இல் ஹாங்காங்கிலிருந்து வெளிவந்தது. பழைய தொற்றின் தடம் மட்டுமே ரத்தத்தில் இருந்த லிம்போமா நோயாளிகளில், ரிடக்ஸிமாப் சேர்ந்த சிகிச்சை பெற்ற 21 பேரில் 5 பேருக்கு வைரஸ் மீண்டும் கிளம்பியது. ரிடக்ஸிமாப் இல்லாமல் சிகிச்சை பெற்ற 25 பேரில் ஒருவருக்கும் கிளம்பவில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இதைத் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை போதும். வைரஸ் உள்ள 121 லிம்போமா நோயாளிகளைக் கொண்டு சீனாவில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. பழைய மருந்தான லாமிவுடின் எடுத்தவர்களில் 18.3% பேருக்குக் கீமோதெரபி தடைப்பட்டது. புதிய மருந்தான என்டகாவிர் எடுத்தவர்களில் 1.6% பேருக்கு மட்டுமே. டெனோஃபோவிர் என்ற மருந்தும் இப்போது பயன்படுகிறது. ரிடக்ஸிமாப் முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டாவது இம்மாத்திரையைத் தொடர வேண்டும். ஏனெனில் வைரஸ் பல மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். லிம்போமா போய்விட்டதே என்று தாமாகவே நிறுத்துவது ஆபத்து. ஊருக்குப் போகும்போது போதிய மாத்திரைகளை எடுத்துச் செல்லுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள் மூன்று: சர்ஃபேஸ் ஆன்டிஜன், கோர் ஆன்டிபாடி, சர்ஃபேஸ் ஆன்டிபாடி. ஒரே தடவை எடுக்கும் ரத்தத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம். முதலாவது மட்டும் பார்த்து "நெகட்டிவ்" என்று நிம்மதி அடைந்தால் போதாது. பழைய தொற்றைக் காட்டிக்கொடுப்பது கோர் ஆன்டிபாடிதான். புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும் எல்லோருக்கும் இம்மூன்றையும் செய்யுமாறு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020இல் அறிவுறுத்தியது. 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது செய்துகொள்ளுமாறு சி.டி.சி. 2023இல் பரிந்துரைத்தது. ஆகவே குடும்ப மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஹெபடைடிஸ் சி கதை வேறு. அந்த வைரஸே சில வகை லிம்போமாவைத் தூண்டுகிறது. 2002இல் பிரெஞ்சு மருத்துவர்கள், மண்ணீரல் லிம்போமாவும் சி வைரஸும் சேர்ந்திருந்த 9 பேருக்கு வைரஸ் சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். வைரஸ் நீங்கிய 7 பேருக்கு லிம்போமாவும் அடங்கிவிட்டது! இன்று சி வைரஸை 8 முதல் 12 வாரங்களில் மாத்திரையாலேயே பெரும்பாலோருக்கு அகற்றிவிடலாம்.

இனி கீழாநெல்லிக்கு வருவோம். பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க், நமக்குப் பக்கத்தில் பிலடெல்பியாவில் ஃபாக்ஸ் சேஸ் மையத்தில் பணியாற்றியவர். வேடிக்கை என்னவென்றால், அவர் கண்ட ஆன்டிஜன் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் அடிக்கடி தென்பட்டதால், முதலில் அது அந்த நோயோடு தொடர்புடையது என்றே எண்ணப்பட்டது. அதே பிளம்பர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் சர்ஃபேஸ் ஆன்டிஜன் மறைந்தது, போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். நாம் பெருமைப்பட்ட செய்தி அது. ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அப்பலன் கிடைக்கவில்லை. எனவே லிம்போமா சிகிச்சையின்போது என்டகாவிருக்குப் பதிலாகக் கீழாநெல்லியை நம்புவது சரியல்ல. வீட்டில் யாராவது அரைத்துக் கொடுத்தால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைப்பது என்றதும் இன்னொன்று. "வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது" என்று இந்நோயை ஒளித்துவைக்கும் வீடுகள் இங்கும் உண்டு. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டியணைப்பதாலோ இது தொற்றாது. வீட்டில் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், மற்றவர்களும் பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.