வளரும் தோல்

கொடைக்கானலுக்கு அண்மையில், பழனிமலைச் சாரலில் அமைந்த சிற்றூர் செண்பகனூர். ஏசு சபையார் 1895ஆம் ஆண்டில் அங்குத் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அவர்தம் மதுரை மறைப்பணியைப் பற்றிய ஆவணங்கள் நெடுங்காலம் அங்கே பேணப்பட்டு வந்தன. அச்சபையார் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்கள் கூறும் செய்திகளுள் ஒன்று நெஞ்சை நடுங்கச் செய்வது. திருமலை நாயக்கரின் இறுதிக்காலத்தில் மதுரை நாட்டினுள் புகுந்த மைசூர்ப் படையினர், அகப்பட்டோரின் மூக்கை அறுத்தனர். மதுரைப் படையினரும் பின்னர் அவ்வாறே பழிவாங்கினர். அதனால் அது 'மூக்கறு போர்' எனப் பெயர் பெற்றது.

மூக்கிழந்தோர் உயிர் பிழைத்தும் ஊரார் முகத்தில் விழிக்க நாணினர். இக்குறையைத் தீர்க்கும் மருத்துவமும் நம் நாட்டிலேயே இருந்தது. கன்னத்துத் தோலைக்கொண்டு மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சம்கிதை கூறுகின்றது. ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவசுஜி என்பார், 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவின் படையினரிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்குப் பின், இன்று புனே எனப்படும் பூனாவின் அருகே, செங்கல் அறுக்கும் மரபினர் ஒருவர் அவருக்குப் புதுமூக்கு அமைத்தார். மெழுகினால் மூக்கின் வடிவைச் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அவ்வளவுக்குத் தோலை அறுத்தார். ஆயினும் புருவங்களுக்கிடையே ஒரு சிறு பகுதியை அறுக்காது விட்டார். நுட்பம் அதிலேதான் இருக்கின்றது! அச்சிறு பாலத்தின் வழியே குருதி பாய்ந்தமையால், திருப்பி ஒட்டப்பட்ட தோல் உயிரோடிருந்தது. இலண்டன் இதழொன்று 1794ஆம் ஆண்டு அக்டோபரில் இதனை வெளியிட்டது. அதைக் கண்ட கார்ப்பியூ என்னும் மருத்துவர், 1814ஆம் ஆண்டில் இலண்டனில் அம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டார்.

ஆனால் நெற்றி கொடுத்த தோலுக்கு ஈடு யாது? அவ்விடத்தில் வடுவே எஞ்சியது. நெற்றி குறுகியவர்க்கோ வேண்டிய அளவு தோலும் கிடைப்பதில்லை.

கருவுற்ற தாயின் வயிற்றுத்தோல் குழந்தைக்கேற்ப விரிவதை நாம் அறிவோம். மெல்ல மெல்ல இழுக்கப்படும் தோல் நீள்வதோடு அமையாமல், உயிரணுக்கள் பெருகி வளரவும் செய்கின்றது. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் நியூமன், காதிழந்த ஒருவருக்கு அவ்விடத்துத் தோலின் கீழ் இரப்பர்ப் பை ஒன்றை வைத்து, அதனைச் சிறிது சிறிதாக ஊதித் தோலைப் பெருக்கினார். 1970களில் ரடோவான் என்பார் சிலிக்கோன் பையால் இம்முறையைச் செப்பஞ்செய்தார். இன்று வெறும் பையை நெற்றித்தோலின் கீழ்ப் பொருத்தி, புண் ஆறியபின், வாரந்தோறும் ஊசிவழியே உப்புநீரை ஏற்றுகின்றனர். போதிய தோல் வளர்ந்ததும் பையை எடுத்துவிட்டு, அத்தோலால் மூக்கமைத்து, எஞ்சியதைக்கொண்டு நெற்றியை மூடுகின்றனர். அகன்ற வடுவிற்கு மாறாகத் தையற்கோடே எஞ்சுகின்றது.

தீயால் தலைமுடி இழந்தோர்க்கும் இது பெரிதும் உதவுகின்றது. முடியுள்ள தோலை விரித்து வெற்றிடத்தை மூடலாம். முடிவேர்கள் பெருகுவதில்லையாதலின் முடி சற்றே அடர்த்தி குறைந்து காணப்படும். பை இருக்கும் இடத்தில் சீழ் பிடித்தால் அதனை அகற்ற நேரிடும். ஏறத்தாழ இரண்டு மூன்று திங்கள், நோயாளி புடைத்த நெற்றியோடு தெருவில் நடந்தாக வேண்டும். சிறுவர்க்கு அந்நாட்கள் எளியனவல்ல.