பூநாரையைக் கிளப்பினால்தான் படமா?

தை பிறந்தால் யாழ்ப்பாணத்துக் கரைகளில் இரண்டு கூட்டம் சேரும். ஒன்று ஆனையிறவிலும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியிலும் இறங்கும் பூநாரைக் கூட்டம். மற்றது அதைப் படம் பிடிக்கப் போகும் கமராக் கூட்டம். முதற்கூட்டத்தைப் பற்றி இரண்டாம் கூட்டம் நம்புகிற சில விடயங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். சிலதுக்குக் கோபம் வரும்.

கோபம் வருவதை முதலில் சொல்லிவிடுகிறேன். "கையைத் தட்டினால் எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றிப்போட்டுத் திரும்ப இறங்கும். அதுக்கென்ன குறைஞ்சு போகும்?"

நிறையக் குறையும். பூநாரை மேய்வது கோழி கொத்துவது போல அல்ல. தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் வைத்து, நாக்கால் சேற்றுநீரை உறிஞ்சித் தள்ளி, அதிலுள்ள பாசியையும் பொடி உயிர்களையும் வடித்தெடுக்க வேண்டும். வயிறு நிரம்ப மணிக்கணக்காகும். நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பவும் அதற்கு முடியாது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் உயரும். பக்கத்தில் மேயும் சின்ன உள்ளான்களின் பாடு இன்னும் கடுமை. பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்புவதற்குள் அவை உடம்பில் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். 2021இல் மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட கடற்காக்கைகள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவ்வளவு தூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருக்கும்போது நாம் போய்ப் பொதியைத் தட்டிவிடுகிறோம்.

இத்தனைக்கும் அந்தப் படம் நன்றாக வருவதுமில்லை. விரட்டிய பறவை ஆளுக்கு எதிர்ப்பக்கம்தான் பறக்கும். கிடைப்பது வாலும் முதுகும். செட்டையின் சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் காத்திருக்கலாம். மேய்ந்து முடித்த பூநாரை தானாகவே சிறகை விரித்து உதறும்.

"இதெல்லாம் சைபீரியாப் பறவை" என்பது அடுத்தது. அவுஸ்திரேலியா என்றும் சிலர் சொல்வார்கள். ஆர்க்டிக் பக்கமிருந்து வரும் உள்ளான்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. பூநாரை அந்தக் குளிர்நாட்டுப் பிராணி அல்ல. நமக்குக் கிட்டிய அதன் பெரிய கூடுகட்டுமிடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. அங்கே சேற்றைக் குவித்து மேடாக்கி முட்டையிடும். கூட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் நிற்பது வேறு இனமுமல்ல, நோயாளியுமல்ல. அது குஞ்சுப் பருவம் தாண்டிய இளசு. தின்னும் பாசியிலும் பொடி உயிர்களிலும் உள்ள நிறப்பொருள் உடம்பில் ஊறிச் சிவக்கச் சில வருடங்கள் எடுக்கும்.

மழை தொடங்கியதும் ஐப்பசியிலேயே ஓடிப்போய் ஏமாந்து திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பறவைகள் வரத் தொடங்குவது அப்போதுதான். ஆனால் மழைவெள்ளம் நிறைந்த ஏரி உள்ளானின் காலுக்கு ஆழம். நம் கடல்நீரேரிகளில் கடலின் ஏற்றவற்றம் மிகச் சிறிது; நீர்மட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை மழையும் காற்றும்தான். தை, மாசியில் நீர் வற்றிச் சேறு தெரியும்போது பறவைகள் ஓரத்துக்கு வரும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், பண்ணைப் பாலத்து வீதியில் வடபக்க நீரைப் பார்த்து நின்றால் வெளிச்சம் பறவையின் முகத்தில் விழும். தென்பக்கம் பார்த்தால் நிழலுருவம்தான்.

"லென்ஸ் சரியில்லை, படம் கலங்குது" என்று ஒருவர் கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்ததை நான் கண்டிருக்கிறேன். லென்ஸ் பாவம். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் தரவை சூடேறிக் கானல் எழும்பும். அந்த நெளியும் காற்றினூடாகத் தூரத்துப் பறவையை எந்த விலைக் கண்ணாடியும் கூர்மையாகக் காட்டாது. வெள்ளாப்பில் போக வேண்டும், வெயில் ஏறமுதல் வீடு திரும்ப வேண்டும்.

விலை என்றதும் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதியவர். பல கமராக்களின் பாகங்களை ஒன்றாகப் பொருத்திய ஒரு பாரமான கருவியை வைத்திருந்தார். 'சூப்பர் பொண்டரோசா' என்று அதற்குப் பகிடிப் பெயர். அதைக்கொண்டு அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றைக்கும் ஆட்கள் பார்க்கிறார்கள். போர் நடந்த தொண்ணூறுகளில் டோர்ச் பற்றரியே தடைப்பொருளாக இருந்த ஊரில், கருவி இல்லை என்று அழுவதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கிட்டப் போவதற்கு இறங்கி நடக்க வேண்டும் என்பதும் தலைகீழ். பாலத்தில் பஸ் உறுமிக்கொண்டு போகும், கொக்கு திரும்பியும் பாராது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வையுங்கள், பறந்துவிடும். வாகனம்தான் மறைவிடம், அதன் யன்னல் கட்டையில் ஒரு அரிசிப் பையை வைத்தால் தாங்கியும் ஆயிற்று. இங்கிலாந்தில் கேர்ட்டன் சகோதரர்கள் 1900 அளவில் பாடம் பண்ணிய எருதுக்குள் புகுந்து படம் எடுத்தார்கள். மாட்டின் காலடியில் திரியும் உண்ணிக்கொக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனை விசித்திரமாகத் தெரியாது.

கூட்டைப் பற்றிய நம்பிக்கை ஆபத்தானது, ஏனென்றால் அதில் பாதி நல்ல எண்ணம். "தொட்டால்தான் தாய் கைவிடும், தொடாமல் எடுத்தால் பிழையில்லை." மனித மணத்துக்காகத் தாய் கூட்டை விடுவதில்லை. நாம் பக்கத்தில் நிற்பதே போதும். ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடும். 2023இல் தனி இனமாக ஏற்கப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் சின்னஞ்சிறு பறவை. இவற்றில் தாய் முட்டைமேல் இருப்பது சூடு கொடுக்க மட்டுமல்ல, வெயிலை மறைக்கவும்தான். நண்பகலில் அதைக் கொஞ்ச நேரம் எழுப்பி வைத்தால் முட்டை வெந்துவிடும். ஆட்காட்டி தலைக்கு மேல் கத்தினால் அது 'போஸ்' அல்ல. பின்வாங்க வேண்டிய நேரம். காகம் ஒன்று எங்கேயோ இருந்து நாம் எங்கே குனிந்தோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி: 1938இல் பறவைச் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்தில் அனுமதியில்லாமல் ட்ரோன் விட முடியாது.

கடைசியாக, பறவை படச்சட்டம் நிறைய நிற்க வேண்டும், தடியோ வலையோ தெரிந்தால் படம் கெட்டது என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இறகு இறகாகத் தெரியும் பூநாரையை மிருகக்காட்சிச்சாலையிலும் எடுக்கலாம். மண்டைதீவுப் பக்கம் பரவைக்கடலில் மீன்பிடிக்கும் களங்கண்டித் தடிகள் வரிசையாக நிற்கும். ஒரு தடிக்கு ஒன்றாக ஆலாக்கள், நுனியில் சிறகை விரித்துக் காயவிடும் நீர்க்காகம், தூரத்தில் வலையைத் தூக்கிப் பார்க்கும் ஒருவர். அவர் இடுப்பளவு தண்ணீரில் கிட்ட வருவார், நீர்க்காகம் அசையாது.