முழங்காலுக்குள் கிழிவது எது?

கேள்வி: விளையாட்டு வீரர்களுக்கு ‘லிகமென்ட் கிழிந்தது’ என்கிறார்களே, அது தசையா?

பதில்: தசை அல்ல. எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்க்கட்டு; பெரும்பகுதி கொலாஜன். தசையை எலும்போடு இணைப்பது டெண்டன். குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம் விரல் வைத்துப் பாதத்தை அசைத்தால் கயிறுபோல் தட்டுப்படுமே, அது அக்கிலிஸ் டெண்டன்.

முழங்கால் மூட்டுக்குள் இரண்டு லிகமென்ட்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. முன்னால் இருப்பது, கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமல் காக்கிறது. ஓடும்போது சட்டென்று திரும்பினால், யாரும் இடிக்காமலேயே கிழிந்துவிடலாம். 2023 அக்டோபரில் உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாருக்குக் கிழிந்தது இதுதான். களம் திரும்ப அவருக்கு ஓராண்டு ஆனது.

முழுதாக அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்க டெண்டனில் ஒரு பகுதியை எடுத்து அங்கே பொருத்துவதுண்டு. வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டதென்று மைதானத்துக்கு ஓடுவது பேராபத்து.